வேதங்கள் வந்த கரை – 19: ஆர் தந்த உரிமை?

திருவிழா கிட்டினால் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு கேள்வி எழும்பாமல் இராது. இந்த முன்னீடு ஆருக்கு? கேட்கிறவர் பக்தியைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தக் குடி, எந்தத் தாய்வழி வயிற்றுவார், போன தலைமுறையில் ஆர் கையால் இது நடந்தது என்று கேட்கிறார். தேவாரம் முழுவதும் பாடமாக இருக்கலாம், கோபுரத்துக்கு அள்ளிக் கொடுத்திருக்கலாம். குடி வழி இல்லாதவன் கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக முடியாது. பள்ளிவாசல்களில் மரைக்காயர் பதவியும் நெடுங்காலம் குடி வழியேதான் ஓடியது. வீரமுனையில் பிறந்தவனுக்கும் சம்மாந்துறையில் பிறந்தவனுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கிழமைக் கதைக்குச் சாவி இதுதான். கத்தோலிக்கரும் மோர்மன்களும் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டால் பலர் சிலுவையில் தொடங்கி மாதா சுரூபத்தில் முடிப்பார்கள். அதெல்லாம் வாசலோடு நிற்கிற வேறுபாடு. உள்ளே போனால் இருவரும் ஒரே வழக்கைப் பேசுகிறார்கள்: ஆர் தந்த உரிமை?

இயேசு சபைச் சுவாமிமார் மட்டக்களப்புக்கு வந்ததைச் சென்ற கிழமை எழுதினேன். 1940களின் பிற்பகுதியில் பிரெஞ்சுச் சுவாமிமாரோடு லூசியானாப் பக்கத்து அமெரிக்கரும் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனை ஒரு புறம் வைத்துவிட்டால், இந்தத் தீவுக்கு வேதம் சொல்ல வந்த அமெரிக்கர் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவில் எழுவது அவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியே வேறு இரண்டு அமெரிக்கர் இலங்கையில் கால் வைத்தார்கள். ஒருவர் சான்சி வெஸ்ட், மற்றவர் பெஞ்சமின் டூவி. இருவரும் மோர்மன்கள்.

1852 ஓகஸ்டில் சோல்ட் லேக் நகரில் கூடிய மாநாடு உலகெங்கும் ஊழியரைப் பிரித்து அனுப்பியது. அதில் இந்தியாவுக்கு ஒன்பது பேர், சீயத்துக்கு நான்கு பேர். பதின்மூவரும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே கப்பலில் ஏறி 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினார்கள். பர்மாவில் ஆங்கிலேயரின் போர். சீயத்துக்குப் போகும் வழி அடைபட்டுக் கிடந்தது. சீயத்துக்கென்று வந்தவர்களில் வெஸ்டும் டூவியும் இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். இங்கே கதவைத் திறக்க ஆளில்லை. பத்திரிகைகள் அவர்களை முந்திக்கொண்டு வந்துவிட்டன. அவர்களை அனுப்பிய அதே மாநாடுதான், ஓர் ஆண் பல மனைவியரை மணக்கலாம் என்ற கொள்கையை முதன்முதலாக வெளிப்படையாக அறிவித்திருந்தது. அதை வாசித்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் பாதிரிமாரும் இந்த இருவரையும் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் பம்பாய்க்குக் கப்பலேறினார்கள். இலங்கையில் மோர்மன் வரலாற்றின் முதல் அத்தியாயம் அவ்வளவுதான்.

இதைக் கல்முனைக் கடையொன்றில் வைத்து, சம்மாந்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குச் சொன்னேன். என்னைவிட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்:

"மறுகா ஏன் அத விட்டவங்க?"

"1890இல் அவங்கட தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் நிப்பாட்டச் சொல்லி அறிக்கை விட்டார், காக்கா. அமெரிக்க அரசு சபையிர சொத்தெல்லாம் பறிக்கத் தொடங்கிட்டு."

"பெண்சாதி கணக்கு எங்களுக்குப் புதினமில்ல, தம்பி. ஆனா எங்கட றசூலுக்குப் பிறகு ஒரு நபி எண்டு சொல்றாங்களே, அதுதான் தொண்டையில இறங்குதில்ல."

காக்கா சரியான இடத்தில் கை வைத்தார். இஸ்லாத்தில் நபித்துவத்துக்கு முத்திரை விழுந்தாயிற்று. கத்தோலிக்கமும் தன் வழியில் அதையே சொல்கிறது: பொது வெளிப்பாடு கடைசி அப்போஸ்தலரோடு முடிந்தது, பாப்பரசர் அதைக் காக்கலாம், விளக்கலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் பாப்பரசருக்குத் தவறாவரம் உண்டென்று வரையறுத்தபோதும் அவரைத் தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை. மோர்மன்களோ தங்கள் தலைவரை அந்தச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். அவர்களுக்கு வேதம் முடிந்த புத்தகமல்ல. பைபிளோடு இன்னும் மூன்று நூல்கள் வேதமாக இருக்கின்றன. நாளைக்கு ஒரு வெளிப்பாடு வந்தால் அதற்கும் இடமுண்டு. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் இல்லை என்றிருந்த விதியை அப்படியொரு வெளிப்பாட்டின் பேரில்தான் நீக்கினார்கள்.

அந்த மூன்று நூல்களில் தலையானது மோர்மன் புத்தகம். 1830இல் நியூயோர்க் மாநிலத்தின் பல்மைரா என்ற சிற்றூரில் 5000 பிரதி அச்சானது. ஒரு தேவதூதர் காட்டிக்கொடுத்த பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாக மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சொன்னார். அப்போது அவருக்கு வயது 24. கிறிஸ்துவுக்கு 600 ஆண்டு முன்னர் லேகி என்ற ஒருவர் குடும்பத்தோடு எருசலேமை விட்டுப் புறப்பட்டு, கப்பல் கட்டி, கடல் கடந்து அமெரிக்காவில் இறங்கினார் என்று தொடங்குகிறது கதை. கப்பல் கரை தட்டிய கதை வீரமுனையானுக்குப் புதிதா? எங்கள் ஊர்க் கதையில் சீர்பாததேவி என்பவள், விநாயகர் சிலையோடு வந்த கப்பல் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே கோவில் என்று நேர்ந்தாள். அது நின்ற இடம்தான் எங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோவில். தொல்லியலாளர் இரண்டு கதைக்கும் சான்று கேட்பார்கள். கதையை வைத்து வாழ்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி இரண்டாம் பட்சம். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கோவில் பொங்கலைத் தின்று வளர்ந்தவன்.

இனி வழக்குக்கு வருவோம்.

மோர்மன் பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவராக இருந்த ஓர்சன் விட்னி 1917இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பல மொழி கற்ற ஒரு கத்தோலிக்க அறிஞர் யூட்டாவுக்கு வந்து தன்னிடம் சொன்னதாக அதில் ஒரு சம்பவம் வருகிறது. சாரத்தை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். கோவில் உரிமை ஒரு குடியிடம் தலைமுறை தலைமுறையாக அறாமல் வந்திருக்கிறது என்றால், அந்தக் குடிதான் உரியது. வேறு ஆருக்கும் அங்கே வேலை இல்லை. நடுவில் எங்கோ வழி அறுந்துவிட்டது என்றால், சாமியே வந்து புதிதாக ஒருவன் கையில் கொடுத்தாலொழிய எவருக்கும் உரிமை இல்லை. முதலாவது கத்தோலிக்கர் வாதம், இரண்டாவது மோர்மன் வாதம். அந்தக் குடியோடு கோபித்துக்கொண்டு வெளியே போய், தேவாரப் புத்தகத்தைக் காட்டி நாங்களும் வண்ணக்கர் என்கிறவர்களுக்கு, அதாவது புரட்டஸ்தாந்தருக்கு, இரண்டு பக்கமும் இடமில்லை. நீங்கள் எங்களுக்கு நேரெதிர். ஆனால் உங்கள் வாதத்தின் பலம் உங்களுக்கே தெரியவில்லை என்று அந்த அறிஞர் சொன்னாராம்.

கல்முனையில் நின்று பார்த்தால் இந்த வழக்கின் இரண்டு கட்சிக்காரரை ஒரே ஊரில் காணலாம். கத்தோலிக்கரின் கார்மேல் பாத்திமாக் கல்லூரி ஒரு பக்கம். 1883இல் மெதடிஸ்தர் தொடங்கிய வெஸ்லி உயர்தரப் பாடசாலை மறு பக்கம். மோர்மன்களின் பெயர்ப்பலகையை நான் இந்தத் தெருவில் கண்டதில்லை.

விட்னியின் கதையில் எனக்கு இரண்டு நெருடல். அந்தக் கத்தோலிக்கருக்குப் பெயர் இல்லை. சாட்சி ஒரே ஒருவர், அவரும் வழக்கில் ஒரு கட்சி. அடுத்தது, அப்போஸ்தலரிடம் தொடங்கிய கைவைப்பு வழி தங்களிடமும் அறாமல் வருகிறது என்று கிழக்குத் திருச்சபைகளும் சொல்கின்றன. திருகோணமலை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் சார்ள்ஸ் லவீஞ் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். 1898இல் இங்கே வருவதற்கு முன் அவர் கேரளத்தில் கோட்டயத்துச் சிரியன் கத்தோலிக்கருக்குத் தலைவராக இருந்தவர். அந்த மக்கள் தங்கள் வேதத்தைத் தோமையாரிடமிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள். அவர்களோடு பல ஆண்டு மல்லுக்கட்டியவருக்கு, உரிமை வழக்கில் கட்சிகள் மூன்றோடு நிற்பதில்லை என்பது தெரிந்திருக்கும்.

ஆனாலும் அடிவாதம் பிசகவில்லை. மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமானது. அதன் ஆயர் தலையில் கைவைத்த ஆயர்களின் தலையில் முன்னொருவர் கைவைத்தார், அவர் தலையில் அதற்கு முன்னொருவர். இப்படியே பின்னால் போனால் அப்போஸ்தலரிடம், அவர்களுக்குத் தலைவரான இராயப்பரிடம் போய்ச் சேரும் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. மோர்மன் கதையிலும் இராயப்பர் வருகிறார். 1829 மே 15இல் பென்சில்வேனியாவில் சஸ்குவெஹான்னா ஆற்றங்கரையில் ஸ்நாபக அருளப்பர் தோன்றி, ஜோசப் ஸ்மித் தலையிலும் அவருடைய எழுத்தர் ஒலிவர் கவுடரி தலையிலும் கைவைத்தாராம். பின்னர் இராயப்பர், யாகப்பர், அருளப்பர் மூவரும் வந்து உயர் குருத்துவத்தைத் தந்தார்களாம். ஒரு சாதாரண மோர்மன் ஆணிடம் கேட்டால், தன்னை அபிஷேகித்தது ஆர், அவரை அபிஷேகித்தது ஆர் என்று ஜோசப் ஸ்மித் வரைக்கும், அங்கிருந்து இராயப்பர் வரைக்கும் ஒரு தாளில் எழுதிக் காட்டுவார். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவர்களுக்கு வழி இரு நூறு ஆண்டுக்குட்பட்டது. எங்கள் குடிக் கல்வெட்டுப் பாடுகிறவர்கள் இதைக் கேட்டால் "இவ்வளவுதானா?" என்பார்கள்.

குருத்துவம் என்ற சொல் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. கத்தோலிக்கச் சுவாமியார் ஆண்டுக்கணக்காகப் படித்து, கலியாணம் முடிக்காமல், வாழ்நாளுக்கென்று வருகிறார். மோர்மன்களில் தகுதியுள்ள எந்த ஆணுக்கும் குருத்துவம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன்கூட ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துத் தட்டைக் கொண்டு திரிவான். தட்டில் பிட்ட பாணும் சின்னஞ்சிறு கிண்ணங்களில் தண்ணீரும். முந்திரிகை இரசம் கிடையாது. அவர்களுக்கு அது நினைவுச் சின்னம். கத்தோலிக்கருக்கோ சுவாமியார் வசீகர வார்த்தை சொன்ன பிறகு அப்பம் அப்பமாக இல்லை. அதனால்தான் கோவிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் விளக்கு இரவு பகலாக எரிகிறது. ஆயர் என்பதிலும் ஏமாறக்கூடாது. கத்தோலிக்க ஆயரின் ஆட்சி ஒரு மறைமாவட்டம் முழுவதும். மோர்மன் ஆயர் சில நூறு பேருக்குத்தான். அவர் கடைக்காரராக இருக்கலாம், வங்கி எழுதுநராக இருக்கலாம், மனைவி மக்கள் இருப்பார்கள், சம்பளம் இல்லை, சில ஆண்டு கழிந்ததும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்வாங்கில் போய் உட்காருவார்.

ஊழியர்களும் அப்படியே. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டி, இரண்டு இரண்டு பேராக நடை; வாலிபர் என்றால் இரண்டு ஆண்டு, பிறகு வீடு. சபை இதனால் விரைவாகப் பரவுகிறது, ஆனால் ஓர் ஊரின் பேச்சு நாவில் ஊற இரண்டு ஆண்டு போதாது. மட்டக்களப்புக்கு வந்த லூசியானாச் சுவாமிமார் இங்கேயே கிழடாகிப் போனார்கள். அவர்களில் ஒருவரான இயூஜின் ஹீபர்ட் சுவாமி புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வந்து சேரவில்லை.

தேத்தண்ணிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், காக்கா அதைத்தான் அதிகம் இரசித்தார். 1833இல் ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஒரு வெளிப்பாடு மதுவையும் புகையிலையையும் சூடான பானங்களையும் விலக்குகிறது. சூடான பானம் என்றால் தேயிலையும் கோப்பியும் என்று பொருள் கொண்டார்கள். முதலில் அறிவுரையாக இருந்தது இருபதாம் நூற்றாண்டில் கட்டாயமாயிற்று. வெஸ்டும் டூவியும் வந்தபோது இது கோப்பித் தீவு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் தேயிலை நட்டது 1867இல். கோப்பி போய்த் தேயிலை வந்தும் மோர்மன்களுக்கு இந்த நாட்டில் குடிக்க ஒன்றும் அகப்படவில்லை. "கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கலாமா?" என்று காக்கா கேட்டார். குடிக்கலாம். மாதத்தில் முதல் ஞாயிறு நோன்பு, இரண்டு வேளை. மிச்சமாகும் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. வருமானத்தில் பத்தில் ஒன்று சபைக்கு. காக்கா தலையாட்டினார்: "ஸக்காத்து நாப்பதில ஒண்டு. இவங்க பாடு கஷ்டம்." கத்தோலிக்கருக்கு இப்படி விலக்கிய பண்டமென்று ஒன்றில்லை. தபசு காலத்தில் ஒறுத்தல் உண்டு, பெரிய வெள்ளியன்று ஒருசந்தி உண்டு. மற்றபடி மனச்சாட்சியின் பாடு.

இரண்டு சபையும் மிக நெருங்கி நின்று, நெருங்கியதாலேயே மோதிக்கொண்ட இடம் கல்லறை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல் செருக்கி, வெள்ளையடித்து, மாலையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். சுவாமியார் ஒவ்வொரு குழியாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாவுக்கு, இருக்கிறவர் ஒப்புக்கொடுக்கும் பூசை ஆறுதல் தரும் என்பது நம்பிக்கை. ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் செய்கிறவனுக்கும் கத்தம் ஓதுகிற வீட்டாருக்கும் இந்த மனம் விளங்கும். மோர்மன்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்தவருக்குப் பதிலாக, உயிரோடு இருப்பவர் ஆலயத்தில் முழுகி ஞானஸ்நானம் பெறலாம்; ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பம். கணவன் மனைவி பந்தமும் ஆலயத்தில் முத்திரையிட்டால் சாவோடு அறுவதில்லை. கத்தோலிக்கக் கலியாணத்தில் சாவு வரைக்கும் என்றுதான் வாக்கு.

செத்தவருக்காக முழுகப் பெயர் வேண்டும், பிறந்த திகதி வேண்டும், தாய் தகப்பன் பெயர் வேண்டும். அதற்காக 1894இல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் ஒன்றை அமைத்து, உலகெங்கும் பதிவேடுகளைப் படம்பிடித்தார்கள். சோல்ட் லேக்குக்குப் பக்கத்தில் கருங்கல் மலையைக் குடைந்த அறைக்குள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்படச் சுருள்கள் இருக்கின்றன. உலகத்தில் மிக ஒழுங்காக வைத்த பழைய பெயர்ப்பதிவுகளில் ஒன்று கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகம். ஒன்றை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மங்கிய மையில் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், தண்ணீர் வார்த்த சுவாமியாரின் கையொப்பம். ஓரத்தில் பின்னாளில் வேறு கையெழுத்தில் கலியாணக் குறிப்பு. ஒரு மனிசனின் ஆயுள் ஒரே வரியில் கிடந்தது. அந்தப் புத்தகங்களை யூட்டாச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2008இல் வத்திக்கான் மறைமாவட்டங்களுக்கு எழுதியது. அதற்கு முன் நாசிகளால் கொல்லப்பட்ட யூதருக்கும் இப்படி முழுகியது வெளியே தெரிந்து, 1995இல் அதை நிறுத்த மோர்மன் சபை ஒப்புக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 12இல், 1990இல் இங்கே கொல்லப்பட்டவர்களை நினைக்கும் ஊர் எங்களுடையது. செத்தவர் பெயரை ஆர் எடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி எங்களுக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. இதில் நான் யூதர் பக்கம்.

ஞானஸ்நானத்தில்தான் வழக்கு முற்றியது. கத்தோலிக்கர் கைக்குழந்தைக்குக் கொடுப்பார்கள், ஜென்மப் பாவம் கழுவ. மோர்மன்களுக்கு ஜென்மப் பாவம் இல்லை. எட்டு வயதில், முழுக்காட்டி. ஆனால் வார்த்தை இரண்டிலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு எவரும் தண்ணீர் வார்க்கலாம் என்கிறது கத்தோலிக்கச் சட்டம். பிரசவ அறையில் நிற்கும் இந்துத் தாதியோ முஸ்லிம் மருத்துவிச்சியோ, திருச்சபையின் எண்ணத்தோடு அந்த வார்த்தைகளைச் சொல்லி வார்த்தால் அது செல்லும். அப்படியானால் மோர்மன் கொடுத்தது? 2001 ஜூன் 5இல் கார்டினல் இராட்சிங்கரின் கையொப்பத்தோடு வந்த விடை ஒரே சொல்: இல்லை. வார்த்தை ஒன்று, பொருள் வேறு என்பது றோமாபுரியின் காரணம். கத்தோலிக்கருக்கு மூன்று ஆள், ஒரே கடவுள். மோர்மன்களுக்கு மூவரும் தனித்தனி. பிதாவுக்கு எலும்பும் தசையுமான உடலும் உண்டு. மோர்மன்கள் தரப்பில் இதற்கு ஆத்திரப்பட இடமில்லை. கத்தோலிக்க ஞானஸ்நானத்தை அவர்கள் என்றைக்கும் ஏற்றதில்லை; உரிமை இல்லாத கை வார்த்த தண்ணீர் அது. 2019 மார்ச் 9இல் மோர்மன் தலைவர் ரசல் நெல்சன் வத்திக்கானில் பாப்பரசர் பிரான்சிசைச் சந்தித்தார். இரு சபைத் தலைவர்களின் முதல் சந்திப்பு அது. மறுநாள் றோமாபுரியிலேயே மோர்மன் ஆலயம் பிரதிட்டையானது. நல்ல முகம் காட்டினார்கள். வழக்கு வழக்காகவே கிடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு மோர்மன் சபை வந்த கதை 1853இலேயே தொடங்கியது. கல்கத்தாவில் இறங்கிய பதின்மூவரில் றிச்சர்ட் பலண்டைன் உட்பட மூவர் மதராசுக்குப் போய், ஒரு பத்திரிகைகூட அச்சடித்துப் பார்த்தார்கள். முழுகியவர் கொஞ்சப் பேர். 1856க்குள் ஊழியர் எல்லாரும் இந்தியாவை விட்டுப் போய்விட்டார்கள். பிறகு தமிழ்நாட்டில் ஒரு நூறு ஆண்டு மௌனம்.

1954இல் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் தற்செயலாக ஒரு சிறு நூல் அகப்பட்டது. மேலே சொன்னேனே, ஓர்சன் விட்னி எழுதியது, அதேதான். வாசித்தார், நம்பினார், சோல்ட் லேக்குக்குக் கடிதம் எழுதினார். நூல் கையில் இருந்தது, விசுவாசம் இருந்தது, தமிழ்நாட்டில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த நூல் சொன்னதே உரிமையைப் பற்றி. தனக்குத் தானே முழுக்காட்டிக்கொள்ள முடியாது. பக்கத்துக் கோவில் சுவாமியாரிடமோ பாதிரியாரிடமோ கேட்கவும் முடியாது. அந்த அரைப் பக்க வழியில் வந்த ஒரு கை வேண்டும். 1961இல் ஸ்பென்சர் கிம்பல் என்ற அப்போஸ்தலர் இந்தியாவுக்கு வந்தார். டில்லியில், யமுனை ஆற்றில் ஒருவரை முழுக்காட்டினார். கோயம்புத்தூர்க்காரர் மேலும் காத்திருந்தார். அவர் தண்ணீரில் இறங்கியது 1965இல். ஊழியர்கள் நெடுங்காலம் தங்கவில்லை. அவர் பிள்ளைகளுக்குச் சிறு பள்ளிகள் வைத்து நடத்திக்கொண்டு அங்கேயே இருந்தார்.

அடுத்த கிழமை, இந்த வழக்கில் இரண்டு பக்கமும் தள்ளிவைத்த மூன்றாம் கட்சி: 1814இல் தனியாளாக மட்டக்களப்பில் இறங்கி, மறு ஆண்டே இந்த மண்ணில் அடங்கிய மெதடிஸ்தர் வில்லியம் ஓல்ட்.

(தொடரும்)